பனிமலையில ஐந்து நாள்: ஸ்கீயா, ஸ்னோபோர்டா, வேறென்ன இருக்கு?

காலி_வீதி | செப்டெம்பர் 14, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில இருந்து எழுதுறன். டிசம்பர் கடைசியில தொடங்கி மூண்டு கிழமை சுவிசுக்குப் போறம். தம்பி பேர்ணில இருக்கிறான். அதில ஐந்து நாள் மலையில ரூம் எடுத்து நிக்கிறதெண்டு யோசனை.

நாங்கள் ஐந்து பேர். அவருக்கு 44, எனக்கு 41. மகனுக்கு 14, ஸ்னோபோர்டைத் தவிர (ரெண்டு காலையும் ஒரே பலகையில பூட்டிச் சறுக்கிறது) வேறொண்டும் வேண்டாம் எண்டு நிக்கிறான். மகளுக்கு 8. அம்மாவுக்கு 69, வலது முழங்கால் தேய்மானம். ஒருத்தரும் வாழ்க்கையில ஸ்னோவைக் கண்ணால கண்டதில்லை. தம்பி "நான் பழக்கிறன் அக்கா, ஒரு நாள் போதும்" எண்டு சொல்லுறான். அவன் அங்க போய் 18 வருசம்.

என்ர பயம் இதுதான்: எல்லாரும் மலைக்கு மேல போக, நானும் அம்மாவும் ரூமில ஹீற்றருக்குப் பக்கத்தில இருந்து தேத்தண்ணி ஊத்திக் கொண்டிருக்கப் போறம். அவ்வளவு காசு குடுத்து அதுக்காகப் போறதா? சறுக்கத் தெரியாத ஆக்களுக்கும், சறுக்க ஏலாத ஆக்களுக்கும் அந்த இடத்தில என்ன இருக்கு? போய் வந்த ஆக்கள் சொல்லுங்கோ.

---

கொட்டாஞ்சேனை_பெடியன் | செப்டெம்பர் 14, இரவு 11.05

அக்கா, ஆறு வருசம் சூரிச்சில படிச்சு வேலை செய்து திரும்பி வந்தவன் நான். முதல்ல நாளைப் பற்றிச் சொல்லுறன். கிறிஸ்மஸிலிருந்து புதுவருசம் மட்டும் ஐரோப்பா முழுக்க லீவு. அந்த நேரம் மலையில ரூம் விலை உச்சத்தில நிக்கும், மலைக்கு மேல ஏத்துற லிஃப்ட்டுக்கு வரிசை நீளும், வகுப்பில இடமே கிடைக்காது. புதுவருசம் கழிஞ்சு ஒரு நாலைந்து நாளில சனம் கலைஞ்சிடும். உங்கட மலை நாட்களைப் பயணத்தின்ர கடைசிக் கிழமைக்குத் தள்ளுங்கோ, முதல் கிழமை பேர்ணில தம்பியோட நில்லுங்கோ. குளிருக்கும் உடம்பு பழகும்.

இடம்: பேர்ணில தம்பி இருந்தா கிரிண்டெல்வால்ட் தான் சரி. ரயிலில ஏறி இன்ரலாக்கனில மாறினா ஒண்டரை மணித்தியாலம் மட்டில போயிடலாம். ஸெர்மாட் பெரிய பேர், மாட்டர்ஹோர்ன் மலை 4478 மீற்றர் கண்ணுக்கு முன்னால நிக்கும், ஆனா முதல் தரம் பழகுற குடும்பத்துக்கு அந்தச் செலவு தேவையில்லை. கிரிண்டெல்வால்டில ஊருக்குள்ளேயே சின்னப் பிள்ளையளுக்கும் புதுசா வாற ஆக்களுக்கும் சரிவு குறைஞ்ச பழகுமிடம் இருக்கு. நிலத்தோட ஒட்டி ஓடுற ஒரு பட்டி இருக்கும், விமான நிலையத்தில சூட்கேஸ் வாற பெல்ட் மாதிரி. அதில ஏறி நிண்டா மேல கொண்டு போய் விடும். முதல் நாள் லிஃப்ட் பயமே வேண்டாம்.

தம்பியைப் பற்றிச் சொன்னா கோவிக்காதேங்கோ. தம்பி பழக்க வேண்டாம். தெரிஞ்சவனுக்கு எப்பிடித் தெரியும் எண்டது மறந்து போயிடும். எனக்கு ஒரு கூட்டாளிதான் பழக்கினவன். முதல் நாளே என்னைச் சிவப்புப் பாதைக்கு மேல கூட்டிக் கொண்டு போயிட்டான். அங்க பாதையளுக்கு நிறம் இருக்கு: நீலம் லேசு, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். பிரான்சில நீலத்துக்கும் கீழ பச்சை எண்டு ஒண்டு. ரெண்டு மணித்தியாலம் இருந்து இருந்து வழுக்கி இறங்கினன். மற்ற நாள் எழும்பேலாது. மூண்டு வருசம் அந்தப் பக்கமே திரும்பிப் பாக்கேல்லை. பிறகு ஒரு குளிர்காலம் மூண்டு அரை நாள் குழு வகுப்புக்குப் போனன். மூண்டாம் நாள் மத்தியானம் நீலப் பாதையில மேலிருந்து கீழ விழாமல் வந்தன். அந்த மூண்டு வருசத்தை நினைச்சா இப்பவும் மனம் கனக்குது.

ஸ்கீ எண்டா காலுக்கொரு நீட்டுப் பலகை. அதில முதல் பாடம், முன்நுனியள் ரெண்டையும் கிட்டக் கொண்டு வந்து பின்பக்கத்தை அகட்டுறது. அப்பதான் வேகம் குறையும். பிள்ளையளுக்கு "பீட்சாத் துண்டு" எண்டு சொல்லிக் குடுப்பினம், ரெண்டையும் சமாந்தரமா வைச்சா "சிப்ஸ்". உங்கட மகள் முதல் நாள் பின்னேரமே பிடிச்சிடுவா. நீங்களும் அவரும் ரெண்டாம் நாள்.

---

அலைக்காரன் | செப்டெம்பர் 15, காலை 6.50

மகனுக்காகச் சொல்றேன். நான் கல்கிசையில இருக்கிறவன், வெலிகமவிலயும் அறுகம் குடாவிலயும் அலைச்சறுக்கு செய்து பத்து வருசம். ஸ்னோபோர்ட் பழகினது ஒஸ்ரியாவில, மனைவியின்ர ஆக்கள் இன்ஸ்ப்ரூக்கில இருக்கினம்.

இந்த ரெண்டும் ஒரே குடும்பம். 1965 இல மிச்சிகனில ஷெர்மன் பொப்பென் எண்டவர் தன்ர பிள்ளையளுக்காக ரெண்டு ஸ்கீயைச் சேர்த்துக் கட்டி ஒரு பலகை செய்தார். ஸ்னோவையும் சேர்ஃபையும் கலந்து அதுக்கு ஸ்னேர்ஃபர் எண்டு பேர் வந்தது. 1977 இல ஜேக் பேர்ட்டன் அதிலிருந்து கால் பூட்டுற பலகையை உருவாக்கத் தொடங்கினார். 1998 நாகானோ ஒலிம்பிக்கில அது விளையாட்டாகவே வந்திட்டுது. முன்னுக்கு எந்தக் காலை வைக்கிறது எண்டதுக்கு அலையில சொல்ற அதே சொல்தான்: இடது கால் முன்னால நிண்டா ரெகுலர், வலது நிண்டா கூஃபி. வெலிகமவில ரெண்டு நாள் பாடம் எடுத்திட்டுப் போகச் சொல்லுங்கோ. டிசம்பரில தெற்குப் பக்கம் கடல் நல்லா இருக்கும்.

ஆனா ஒண்டு. ஸ்னோபோர்டில முதல் ரெண்டு நாள் விழுறதுதான் வேலை. முழங்காலில விழுவான், பிறகு இருக்குமிடம் அடிபட விழுவான். ஸ்கீயில முதல் நாளே நிக்கலாம், பிறகு அழகாச் செய்யக் கன வருசம் வேணும். ஸ்னோபோர்டில மூண்டாம் நாள் திடீரெண்டு பிடிபடும், அதுக்குப் பிறகு வேகமா ஏறும். ஐந்து நாளில ரெண்டு நாளோட அவன் கைவிட்டிட்டா முழுசும் வீண். அதை இப்பவே சொல்லி வையுங்கோ.

பலகையின்ர கீழ்ச்சரிவுப் பக்க விளிம்பு ஸ்னோவுக்குள்ள குத்தினால் ஒரு நொடியில நிலத்தில இருப்பீங்கள். யோசிக்க நேரமே கிடையாது. எந்த நேரமும் மேல்ச்சரிவுப் பக்க விளிம்பிலதான் பாரம் நிக்க வேணும். முதல் நாள் முழுக்க இந்த ஒண்டைத்தான் பழக்குவினம்.

பையன் ஸ்கேட்போர்ட் ஓடுறவன் எண்டா வகுப்பு இல்லாமலும் பிடிச்சிடுவான்.

---

முழங்கால் | செப்டெம்பர் 15, பிற்பகல் 1.20

கடைசி வரியோட மட்டும் எனக்கு உடன்பாடில்லை, அலைக்காரன். நான் கொழும்பில உடற்பயிற்சிச் சிகிச்சை செய்யிறவள். அப்படிப் போன ஒரு பதினாறு வயசுப் பெடியனுக்கு மணிக்கட்டு உடைஞ்சு வந்து, நான்தான் மூண்டு மாசம் கை அசைக்கப் பழக்கினனான். ஸ்னோபோர்டில புதுசா வாற ஆக்களுக்கு அதிகம் அடிபடுறது மணிக்கட்டு. விழேக்கை கையை ஊண்டுறது மனுச இயல்பு. மணிக்கட்டுக் கவசம் போட்டுக் கொண்டு போகட்டும், விழேக்கை கையைப் பொத்தி முன்னங்கையில விழப் பழகட்டும். இதைச் சொல்லிக் குடுக்கிறது வகுப்பிலதான்.

ஸ்கீயில ஆபத்து முழங்காலுக்கு. அதில பூட்டு எண்டு ஒண்டு இருக்கு, சப்பாத்தைப் பலகையோட பிடிக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேல திருகினால் அது தானாக் கழண்டு விடவேணும், இல்லாட்டி கால்தான் திருகும். வாடகைக் கடையில உங்கட நிறை, உயரம், வயசு, எவ்வளவு தெரியும் எண்டெல்லாம் கேட்டு அதுக்கேற்றபடிதான் திருகாணியை வைப்பினம். நிறையைக் குறைச்சோ கூட்டியோ சொல்ல வேண்டாம். "ஓரளவு தெரியும்" எண்டும் சொல்ல வேண்டாம். ஒண்டும் தெரியாது எண்டு சொல்லுங்கோ.

பின்பக்கம் சரிஞ்சு விழத் தொடங்கினால் வழுக்கிக் கொண்டே எழும்பப் பாக்கக் கூடாது. அப்பதான் முழங்காலுக்குள்ள நார் கிழியும். விழுந்து, முழுசா நிண்ட பிறகு எழும்புங்கோ.

இப்ப செப்டெம்பர். மூண்டு மாசம் இருக்கு. சுவரில முதுகைச் சாச்சு, கதிரையில இருக்கிற மாதிரி முழங்காலை மடக்கி 30 செக்கன்ட், பிறகு 60. மாடிப்படி இறங்குறது, ஏறுறதைவிட இதுக்கு முக்கியம். காலிமுகத்திடலில பின்னேரம் வேகநடை. காலி_வீதி, நீங்களும் அவரும் இதை நாளைக்கே தொடங்குங்கோ. அங்க போய்ச் சப்பாத்தை மாட்டினாப் பிறகு தொடங்கேலாது.

---

பம்பலப்பிட்டி_57 | செப்டெம்பர் 15, இரவு 8.15

பிள்ளை, நான் இந்தக் கதையெல்லாம் வாசிச்சுக் கொண்டு வாறன். பெரிய மலையில லிஃப்ட் ஏறுறதுக்கு ஒரு நாள் பாஸ் 80 பிராங்குக்குக் கிட்ட வரும். ஸ்கீ வாடகை, வகுப்பு, ரூம். ஐந்து பேருக்குக் கணக்குப் போட்டுப் பாத்தீங்களா? 2022 இல காஸ் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் வரிசையில நிண்ட சனம் நாங்கள். ஐந்து நாள் சறுக்கி விழுறதுக்கு அந்தக் காசு? தம்பியின்ர வீட்டில மூண்டு கிழமையும் நிண்டு, பிள்ளையளுக்கு ஊரைக் காட்டிக் கொண்டு வாங்கோ. ஒரு நாள் ரயிலில போய் ஸ்னோவைத் தொட்டுப் பாத்தாப் போதாதா? மனசில பட்டதைச் சொன்னன்.

---

காலி_வீதி | செப்டெம்பர் 15, இரவு 10.30

ஐயா, நீங்கள் சொன்னதில பிழையில்லை. இந்தக் கணக்கை நானும் அவரும் மூண்டு தரம் போட்டுப் பாத்திட்டம். இது எட்டு வருசமாச் சேர்த்த காசு. தம்பியைப் பாத்து ஏழு வருசம். அவன்ர பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வருசா வருசம் ஸ்கீ முகாமுக்குப் போகினம், என்ர பிள்ளையளோட வீடியோவில அதைத்தான் கதைக்கினம். என்ர மகளுக்கும் அவைக்கும் சேர்ந்து செய்ய ஏதாவது ஒண்டு வேணும் எண்டு எனக்கு ஆசை. அதுதான்.

---

தேயிலைக்காடு | செப்டெம்பர் 16, அதிகாலை 12.45

அக்கா, ஐயா சொன்ன கணக்குக்கும் உங்க அம்மாவுக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்றேன். நான் நானுஓயாக்காரன், இப்ப கொழும்புல ஹோட்டல்ல வேலை. ஹோட்டல் படிப்புக்கு சுவிஸ் போனப்ப பயிற்சிக்கு கிரிண்டெல்வால்ட் பக்கம் ரெண்டு குளிர்காலம் கிச்சன்ல நின்னேன். கிச்சன்ல நம்ம ஆளுங்க நிறையப் பேரு. இருபது வருஷமா அந்த மலையடியிலயே இருந்து, ஒரு நாள் கூட ஸ்கீ காலில மாட்டாத அண்ணமாரு இருந்தாங்க. "அது அவங்களுக்கான விளையாட்டு" அப்படின்னு சொல்லுவாங்க. நானும் அப்படித்தான் இருந்தேன். சம்பளத்துல பாஸ் வாங்க மனசு வராது.

அப்புறம் ஒரு லீவு நாள்ல ஒரு மரச் சறுக்குவண்டிய வாடகைக்கு எடுத்துட்டுப் போனேன். அங்க ஸ்லெட்ஜ்ஜுக்குன்னே தனிப் பாதை இருக்கு, ஸ்கீக்காரங்க அதுல வரமாட்டாங்க. ரயில்லயோ கேபிள் கார்லயோ வண்டியோட மேல ஏறி, உக்காந்து, குதிகாலால பிரேக் போட்டுக்கிட்டே இறங்க வேண்டியதுதான். பாடம் வேணாம். ஸ்கீ செட்டுக்குக் குடுக்கிற வாடகையில சின்னப் பங்குதான். வெளிச்சம் போட்டு ராத்திரியில திறந்து வைக்கிற பாதைகளும் உண்டு. ஃபவுல்ஹோர்ன் மலையில இருந்து கிரிண்டெல்வால்ட் வரைக்கும் 15 கிலோமீட்டர் பாதை ஒண்ணு இருக்கு, ஆனா அதுக்கு கேபிள் கார் போற ஃபர்ஸ்ட்ங்கிற இடத்துல இருந்து வண்டிய இழுத்துக்கிட்டு ரெண்டரை மணி நேரம் ஏறணும். அது உங்க வீட்டுக்காரருக்கும் தம்பிக்கும். உங்களுக்கும் மகளுக்கும் சின்னப் பாதை போதும். ஹெல்மெட் மட்டும் விட்டுடாதீங்க. ஸ்லெட்ஜ் விளையாட்டுன்னு நெனச்சு வேலியில முட்டிக்கிறவங்க நிறைய.

இன்னொண்ணு வெலோகேமல். மரத்துல செஞ்ச சைக்கிள், சக்கரத்துக்குப் பதிலா சறுக்குக்கட்டை. 1911ல அந்த ஊர்லயே கண்டுபிடிச்சது. ஹேண்டில் இருக்கு, உக்கார சீட் இருக்கு. நான் மொத தடவை அதுல இறங்கினப்ப கத்தின சத்தம் எனக்கே புதுசு.

இப்ப அம்மா. கிரிண்டெல்வால்டுக்கு மேல கிளைனே ஷைடெக்னு ஒரு ரயில் ஸ்டேஷன், 2061 மீட்டர்ல இருக்கு. நுவரெலியா 1868. பட்டிப்பொல ஸ்டேஷன் 1898. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல! பண்டாரவளைக்கு ரயில்ல போயிருக்காங்கன்னா பட்டிப்பொலயைத் தாண்டித்தான் போயிருக்காங்க. கிரிண்டெல்வால்ட்ல பல்சக்கர ரயில் ஏறினா நேரா ஷைடெக்ல இறக்கி விடும், 1893ல இருந்து ஓடுற பாதை. இறங்கினதும் எதுத்தாப்ல ஐகர் மலை, 3967 மீட்டர். அதோட வடக்குச் சுவரை 1938ல தான் முதல்ல ஏறி முடிச்சாங்க. அம்மா வெளியில வெயில்ல நாற்காலி போட்டு உக்காரலாம், காலுக்குக் கம்பளி குடுப்பாங்க. அங்க எல்லாரும் சறுக்குறாங்கன்னு நெனைக்காதீங்க. ஸ்கீயே போடாம, வெயில் காயவே வர்ற சுவிஸ்காரங்க ஏகப்பட்ட பேரு.

அதுக்கு மேல யுங்ஃப்ராவ்யோக்னு இன்னொரு ரயில் ஸ்டேஷன், 3454 மீட்டர். நம்ம பிதுருதலாகலையை விட 930 மீட்டர் கூட. அங்க போகணும்னா அம்மாவோட டாக்டரைக் கேட்டுட்டுப் போங்க.

நடக்கிறதுக்கும் பாதை இருக்கு. மெஷின் விட்டு ஸ்னோவ அமுக்கி வச்சிருப்பாங்க, பலகை இளஞ்சிவப்பு நிறத்துல இருக்கும். அந்தப் பலகை இருந்தா அது குளிர்கால நடைபாதை. சாதாரண பூட்ஸ் போதும், அடியில மாட்டுற இரும்புப் பல் ஒரு ஜோடி வாங்கிக்குங்க, அம்மா வழுக்க மாட்டாங்க. காலைல எட்டு மணிக்கு அந்தப் பாதையில நடந்தா, ஸ்னோ மிதிபடுற சத்தம் தவிர ஒண்ணும் கேக்காது. தேயிலைக்காட்டுல பனி மூட்டம் போட்ட காலைல நடந்த ஆளுக்கு அந்த அமைதி என்னன்னு தெரியும்.

கடைசி வாரத்துல ஒரு அண்ணன் அவரோட ஸ்கீ செட்டைக் குடுத்து, ரெண்டு நாள் நீலப் பாதைக்குக் கூட்டிப் போனாரு. நிறைய விழுந்தேன். ஆனா எனக்கு இன்னிக்கும் கனவுல வர்றது அந்த ஸ்லெட்ஜ் பாதைதான்.

---

பம்பலப்பிட்டி_57 | செப்டெம்பர் 16, காலை 7.10

தம்பி, நுவரெலியாவோட ஒப்பிட்டுச் சொன்னது எனக்கு நல்லா விளங்குது. அந்த ரயிலுக்கு முழுப் பாஸ் வேணுமா, தனி ரிக்கெட் எடுக்கலாமா?

---

தேயிலைக்காடு | செப்டெம்பர் 16, காலை 7.40

தனி டிக்கெட் எடுக்கலாம் ஐயா. சறுக்காதவங்களுக்கு ஸ்கீ பாஸ் தேவையே இல்ல. புதுசாப் பழகுறவங்களுக்கும் மொத ரெண்டு நாள் பழகுமிடத்து லிஃப்டுக்கு மட்டும் காசு கட்டினாப் போதும். முழு மலைக்கும் பாஸ் எடுத்துட்டு அடிவாரத்துலயே விழுந்துட்டு இருக்கிறது வீண்.

---

தெஹிவளை_மகள் | செப்டெம்பர் 16, முற்பகல் 11.00

உடுப்பும் சாப்பாடும் பற்றி ஒருவரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். போன வருஷம் உம்மா, வாப்பா, நானா குடும்பத்தோடு பிரான்ஸ் பக்கம் ஷமோனியில் நான்கு நாள் இருந்தோம். முதல் குளிர்கால ஒலிம்பிக் 1924 இல் நடந்த ஊர்.

உடுப்பை இங்கேயே வாங்குங்கள். நுவரெலியா பேல் பஜாரில் ஏற்றுமதி மிச்சமான தடிப்பு ஜாக்கெட்டுகள் வரும், தேடினால் தண்ணீர் ஊறாத சறுக்குக் காற்சட்டை கூடக் கிடைக்கும். எங்கள் மூன்று ஜாக்கெட்டும் அங்கே வாங்கியதுதான். ஜீன்ஸ் வேண்டாம். பருத்தி பெனியனும் வேண்டாம். வியர்வையும் ஸ்னோவும் ஊறி, நின்றவுடன் உடம்பு விறைத்துப்போகும். உள்ளே தேர்மல், நடுவில் ஃப்ளீஸ், வெளியே காற்றும் தண்ணீரும் போகாத ஜாக்கெட். கையுறைதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். காலுறை ஒன்று மட்டும். குளிருமே என்று நான் இரண்டு போட்டேன், சப்பாத்துக்குள் மடிந்து கால் வீங்கிவிட்டது. ஸ்கீ சப்பாத்து இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும்: நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்னால் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும்.

ஹிஜாப் போடுகிறவர்களுக்கு: மெல்லிய, ஊசி குத்தாத, விளையாட்டுக்குப் போடும் வகையை ஹெல்மெட்டுக்குள் போடலாம். அதற்கு மேல் கழுத்துக்குழாய். அங்கே எல்லோருமே முகம் மூடித்தான் நிற்பார்கள், என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நான்கு நாளும் மனதுக்கு அவ்வளவு லேசாக இருந்தது.

வெயில்: நம் நிறத்துக்கு ஒன்றும் செய்யாது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் 10 வீதம் அளவில் கூடும், புது ஸ்னோ அதில் 80 வீதம் வரை திருப்பி அடிக்கும். வாப்பாவின் மூக்கும் நாடியின் கீழ்ப்பக்கமும் தோல் உரிந்தது. கிறீம் பூசுங்கள், கண்ணாடி போடுங்கள்.

சாப்பாட்டில் ஃபொண்டியூ என்று உருக்கிய சீஸில் பாண் தோய்த்துச் சாப்பிடுவார்கள். அதில் வெள்ளை வைன் ஊற்றித்தான் செய்வார்கள், சிலர் கிர்ஷ் என்ற மதுவும் சேர்ப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிட வேண்டும். காலி_வீதி அக்கா, உங்கள் அம்மா சைவம் என்றால் இதுவும்: க்ருயேர், எமென்டாலர் போன்ற சீஸ்களைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால்தான் மரபாகச் செய்கிறார்கள். உருளைக்கிழங்கு ரோஸ்டி பாதுகாப்பானது, பன்றிக் கொழுப்பு இல்லாமல் கேளுங்கள். நாங்கள் சின்ன மின்சார ரைஸ் குக்கர் கொண்டுபோனோம். மாலை ஐந்து மணிக்கு மலையிலிருந்து நனைந்து வந்து சோறும் பருப்பும் சாப்பிட்டது எனக்கு மறக்காது.

---

கொட்டாஞ்சேனை_பெடியன் | செப்டெம்பர் 16, இரவு 9.25

ரெண்டு விசயம், ரெண்டும் விளையாட்டில்லை.

ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத காப்புறுதி கேப்பினம். இங்க எடுக்கிற சாதாரணப் பயணக் காப்புறுதியில அனேகமா குளிர்கால விளையாட்டு அடங்காது. அதைத் தனியாச் சேர்க்கச் சொல்லிக் கேட்டு, பத்திரத்தில அந்த வரி இருக்கா எண்டு வாசிச்சுப் பாருங்கோ. மலையில விழுந்தா ஸ்ட்ரெச்சரில இறக்கிறதுக்கே காசு, ஹெலிகொப்டர் வந்தா ஆயிரக் கணக்கில. சுவிஸில இருக்கிற உங்கட தம்பிக்கு அங்கத்தைய விபத்துக் காப்புறுதி இருக்கும், உங்களுக்கு அது செல்லாது.

மற்றது மகனுக்கு. பாதையோரம் கயிறு கட்டினதுக்கு அங்கால புதுசா விழுந்த ஸ்னோ பஞ்சு மாதிரிக் கிடக்கும், ஒருத்தற்ர தடமும் இருக்காது. ஸ்னோபோர்ட்காரருக்கு அதைக் கண்டா மனம் நிக்காது. அங்க போகக் கூடாது. பனிச்சரிவு எச்சரிக்கை அஞ்சு படியில போடுவினம். அஞ்சு வந்தா ஒருத்தரும் போக மாட்டினம். ஆக்கள் அதிகம் சாகிறது மூண்டாம் படியிலதான், "பரவாயில்லை" எண்டு போறதால. புதைஞ்சவரைக் கால் மணித்தியாலத்துக்குள்ள தோண்டி எடுக்காட்டி பிழைக்கிற வாய்ப்பு மளமளவெண்டு விழும். தெரிஞ்ச ஆக்களே ஆளுக்கொரு சமிக்ஞைக் கருவி, சவள், நீட்டுக்கம்பி கொண்டு, வழிகாட்டியோடதான் போவினம்.

பாதைக்குள்ள ஒரு சட்டம் தலையில இருந்தாப் போதும்: முன்னால போறவருக்குத்தான் வழி. பின்னால வாறவர்தான் விலத்த வேணும், முன்னால போறவர் எப்பிடி வளைஞ்சாலும். சர்வதேச ஸ்கீ, ஸ்னோபோர்ட் சம்மேளனத்தின்ர பத்து விதியில அது ஒண்டு. பாதைக்கு நடுவில இருந்து இளைப்பாறவும் கூடாது, ஓரத்துக்கு வாங்கோ. ஸ்னோபோர்ட்காரர் இதில கூடப் பிழை விடுவினம், அவை இருந்துதான் காலைப் பூட்டுறவை.

---

அலைக்காரன் | செப்டெம்பர் 17, காலை 6.30

ஓம், அது உண்மை. முழங்கால் சொன்னதையும் ஏற்றுக்கொள்றேன், வகுப்புக்கு அனுப்புங்கோ. நான் பழகேக்கை எனக்கு 27 வயசு, 14 வயசுப் பிள்ளைக்கு அதே அளவுகோல் சரிவராது. முகில் மூடினா வெள்ளைக்குள்ள வெள்ளை, மேடு பள்ளமே தெரியாது. அப்படியான நாளில மரங்களுக்கு நடுவால போற கீழ்ப்பாதையில மட்டும் ஓடச் சொல்லுங்கோ.

எமிரேட்ஸில போறீங்கள் எண்டா, துபாயில இறங்க விசா எடுத்து ஒரு பின்னேரம் ஸ்கீ துபாய்க்குப் போகலாம். கடைத்தொகுதிக்குள்ள 2005 இல கட்டினது, நீளமான சரிவு 400 மீற்றர். மலை மாதிரி இல்லை, ஆனா சப்பாத்து என்ன, பலகை என்ன எண்டு முன்னமே தெரிஞ்சிடும்.

---

காலி_வீதி | ஜனவரி 17, இரவு 10.10

போன கிழமை வந்து சேர்ந்தம். களைப்பு ஆறி இப்பதான் இருந்து எழுதுறன். உங்கள் எல்லாருக்கும் சொல்ல வேண்டிய கடமை எனக்கிருக்கு.

ஜனவரி 5 இலிருந்து 9 மட்டும் கிரிண்டெல்வால்டில நிண்டம். வரிசையே இல்லை. தம்பியை வகுப்பிலிருந்து விலத்தி வைக்கிறதுதான் கஷ்டமாப் போச்சுது. முகம் சுருங்கிப் போனான். பிறகு பாத்தா, அவனுக்கும் நீலப் பாதைக்கு மேல தெரியாது. பிள்ளையள்தான் பள்ளிக்கூட முகாமில பழகினவை. கடைசியில அவனும் எங்களோட வகுப்பில சேர்ந்திட்டான்! 18 வருசம் அந்த நாட்டில இருந்தவன், முதல் தரம் ஒழுங்காப் பழகினது இந்த முறைதான். இரவில அதைச் சொல்லேக்கை அவன்ர குரல் ஒரு மாதிரி இருந்தது.

மகன் ரெண்டு நாள் விழுந்தான். ரெண்டாம் நாள் இரவு "நான் நாளைக்கு வரேல்லை" எண்டு படுத்திட்டான். அலைக்காரன் எழுதினதை எடுத்து வாசிச்சுக் காட்டினன். மூண்டாம் நாள் பதினொரு மணி இருக்கும், நான் கீழ நிக்கிறன், மேலிருந்து ஒரு சிவப்பு ஜாக்கெட் இடமும் வலமுமா வளைஞ்சு வருது. என்ர பிள்ளைதான் எண்டு கிட்ட வந்த பிறகுதான் தெரியும். மணிக்கட்டுக் கவசம் ஒண்டில வெடிப்பு. கையில ஒண்டுமில்லை. முழங்கால் தங்கச்சி, உங்களுக்கு நன்றி.

எனக்கு ஸ்கீ ஓரளவு வந்தது, ஆனா பிடிக்கேல்லை. வேகம் வந்தா எனக்கு வயித்தைக் கலக்குது. மூண்டாம் நாளோட சப்பாத்தைத் திருப்பிக் குடுத்திட்டன். பிறகு மகளோடையும் தம்பியின்ர கடைக்குட்டியோடையும் ஸ்லெட்ஜ். ஒரே நாளில ஏழு தரம் இறங்கினம். தேயிலைக்காடு, நீங்கள் சொன்ன அந்தக் கத்து, நானும் கத்தினன். ரெண்டு பிள்ளையளும் ஒராளுக்கொராள் தமிழும் ஜேர்மனும் கலந்து கதைச்சு வழி சொல்லிக் கொண்டு போச்சினம்.

அவர் ஸ்கீயை விடமாட்டன் எண்டு நிக்கிறார். அடுத்த முறை சிவப்புப் பாதையாம்.

அம்மாவைப் பற்றித்தான் எனக்குப் பயம். முதல் நாள் ஷைடெக்குக்கு ரயிலில கூட்டிக் கொண்டு போனன். ஒரு மணித்தியாலம் ஐகரைப் பாத்துக் கொண்டு பேசாமல் இருந்தா. ரெண்டாம் நாள் "நான் தனியப் போறன், நீ பிள்ளையளைப் பார்" எண்டா. ஐந்து நாளும் போனவ! தேத்தண்ணிக் கடைப் பெட்டை மூண்டாம் நாளே அவவுக்கு எலுமிச்சைத் தேத்தண்ணியும் கம்பளியும் கேக்காமலே கொண்டு வந்து வைச்சிது. மத்தியானம் நாங்கள் எல்லாரும் அங்கதான் கூடுறது. ஒருத்தர் ஸ்கீயோட, ஒருத்தர் பலகையோட, நான் ஸ்லெட்ஜோட, அம்மாவின்ர மேசையில. யுங்ஃப்ராவ்யோக்குக்கு மட்டும் போகேல்லை, டொக்டர் வேண்டாமெண்டிட்டார்.

ஒண்டு பிழைச்சது: ஒரு நாள் சூடான தென்காற்று அடிச்சு மேல் லிஃப்ட் எல்லாத்தையும் மூடிப் போட்டினம். அண்டைக்கெண்டு எடுத்த முழுப் பாஸ் காசு வீண். காலமை மலைக் கமெராவையும் காற்று நிலவரத்தையும் பாத்திட்டு அன்றன்றைக்குப் பாஸ் எடுங்கோ.

---

பம்பலப்பிட்டி_57 | ஜனவரி 18, காலை 6.55

பிள்ளை, சுகமா வந்து சேர்ந்தது சந்தோசம். ஒண்டு கேக்கோணும். என்ர மகள் ஜெனீவாவில. மனுசிக்கும் எனக்கும் மார்ச்சில போக ரிக்கெட் போட்டிருக்கிறா. சறுக்கிற எண்ணமில்லை. எனக்கு 68. அம்மா போன அந்த ரயிலில எங்க இருந்தா நல்லாத் தெரியும் எண்டு அவவிட்டக் கேட்டுச் சொல்ல முடியுமா?

---

காலி_வீதி | ஜனவரி 18, காலை 8.20

கேட்டன் ஐயா. ரயில் ஷைடெக்குக்கு மலை ஏறேக்கை இடப்பக்க யன்னல். திரும்பி இறங்கேக்கை வலப்பக்கம். மார்ச்சில வெயில் கூட நேரம் நிக்கும், கறுப்புக் கண்ணாடியை மறக்க வேண்டாமாம். எலுமிச்சைத் தேத்தண்ணி வடிவா இருக்குமாம், சீனியைத் தனியாக் கேக்கட்டாம்.